மச்சத்துக்கும் டாக்டரா என்று கேட்பவர்களுக்கு!

“காலிலே ஒரு கறுப்புப் புள்ளி. அதற்காக ஒரு நாள் வேலையைக் கெடுத்துக்கொண்டு கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போவதா?” என்று கேலி பேசுவோர் தோட்டத்திலும் உண்டு, பிரிக்பீல்ட்ஸ் காப்பிக் கடையிலும் உண்டு. மச்சம் அதிர்ஷ்டம் என்பார் ஒருவர். தோல் புற்றுநோய் வெள்ளைக்காரனுக்குத்தான் வரும் என்பார் இன்னொருவர். இந்தப் பேச்சை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

தோழர்களே! பெரும்பாலான மச்சங்கள் தீங்கற்றவை. மெலனோமா என்னும் கொடிய தோல் புற்றுநோய் நம்மவருக்குக் குறைவாகவே வருகிறது என்பதும் உண்மையே. ஆனால் வந்தால், உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய மறைவிடங்களிலேதான் அது பெரும்பாலும் வருகிறது. முள் குத்திய தழும்பு, இரத்தக்கட்டு என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். நோய் முற்றிய பிறகே டாக்டர் பார்க்கிறார்.

ஜமைக்காப் பாடகர் பாப் மார்லியை உலகமே அறியும். அவருடைய கால் பெருவிரலில் இருந்தது இந்நோயே என்று 1977-ல் கண்டார்கள். 1981 மே 11-ல், 36 வயதில் அவர் மாண்டார். புகழும் பணமும் காப்பாற்றவில்லை.

எதைக் கவனிப்பது? மச்சத்தின் ஒரு பாதி மறு பாதியைப் போல் இராது. ஓரம் ஒழுங்காக இராது. ஒரே மச்சத்தில் பல நிறம் தெரியும். அகலம் 6 மில்லிமீட்டரைத் தாண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது மாறிக்கொண்டே வரும். அரிப்பு, இரத்தக் கசிவு, ஆறாத புண், நகத்தில் அகன்றுவரும் கறுப்புக் கோடு ஆகியவையும் எச்சரிக்கையே. இவற்றில் ஒன்று கண்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள். சுண்ணாம்பு வைக்காதீர்கள், பால் உறைய ஊற்றும் ஆசிட்டைத் தொட்டுவைக்காதீர்கள், நூல் கட்டி அறுக்காதீர்கள். ஆரம்பத்திலேயே டாக்டர் வெட்டி எடுத்தால் பிழைக்க வழி உண்டு.

வெட்டுப்பட்டையில் பூசணம் கண்டால் மரத்துக்கு மருந்து பூசுகிறோம். மரத்துக்குக் கிடைக்கும் கவனிப்பு, மரம் சீவும் மனிதனுக்கு இல்லையா?

சம்பளம் போய்விடும் என்று அஞ்சுகிறீர்களா? 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் என்ன சொல்கிறது? நிர்வாகம் நியமித்த டாக்டர் பரிசோதித்தால் செலவு நிர்வாகத்தைச் சேர்ந்தது. அவர் மருத்துவ லீவு எழுதினால் சம்பளம் உண்டு. ஆண்டுக்கு, 2 ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு 14 நாள். 2 முதல் 5 ஆண்டு வரை 18 நாள். அதற்கு மேல் 22 நாள். ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் 60 நாள் வரை உண்டு. லீவு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க மறவாதீர்கள். இது பிச்சையல்ல, உரிமை!

கிராணிமார்களே! சீட்டுக் கேட்டு வருபவரை “நாளை வா” என்று திருப்பி அனுப்பாதீர்கள். உங்கள் உள்ளங்காலும் சதைதான்.

தோழர்களே! இன்று வேலை முடிந்ததும் காலைக் கழுவி, உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். முதுகை வீட்டாரைப் பார்க்கச் சொல்லுங்கள். மாறும் மச்சம் கண்டால் அடுத்த சம்பள நாள்வரை பொறுக்காதீர்கள். பொறுப்பது வீரமல்ல!