நித்தியகல்யாணியும் நரம்புக் கட்டியும்

யாரும் நீரூற்றாமலே வேலியோரத்தில் பூத்து நிற்கும் நித்தியகல்யாணியை அறியாதார் இலர். கல்லறைகளில் மண்டி வளர்வதால் சுடுகாட்டு மல்லி என்று சொல்லி, அதை வீட்டில் வைக்க மறுப்போரும் உண்டு. மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்ட அச்செடியிலிருந்தே வின்கிரிஸ்டின் என்னும் மருந்து கிடைக்கிறது. சிறு குழந்தைகளுக்கு வரும் நியூரோபிளாஸ்டோமா என்ற நரம்புப் புற்றுக்கட்டிக்கு, மருத்துவர்கள் பிற மருந்துகளோடு சேர்த்து அதைக் கொடுக்கின்றனர்.

"மூலிகைதானே, கெடுதல் செய்யாது" என்று பெரியோர் சொல்லக் கேட்கிறோம். உயிரியல் பயிலும் நாங்கள் இக்கூற்றை ஏற்பதற்கில்லை. வின்கிரிஸ்டின் வேலை செய்யும் விதத்தையே பாருங்கள். செல் ஒன்று இரண்டாகப் பிரியும்போது நுண்குழாய்களால் ஒரு கதிரைக் கட்டி, அதைக்கொண்டு குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கிறது. அக்குழாய்களுக்குச் செங்கல் போன்றது டியூபுலின் என்னும் புரதம். வின்கிரிஸ்டின் அதைப் பற்றிக்கொள்ள, கதிர் உருவாவதில்லை; கட்டியின் செல் பிரிய இயலாமல் மடிகிறது. நல்ல நரம்புகளின் நீண்ட இழைகளுக்குள்ளும் இதே குழாய்கள்தாம் தண்டவாளம்போல் ஓடுகின்றன! ஆகவே மருந்து பெறும் குழந்தைக்கு விரல்கள் மரத்துப்போகலாம், நடை தளரலாம். இரத்தக் குழாயில் மட்டுமே ஏற்ற வேண்டிய இம்மருந்தைத் தவறித் தண்டுவட நீரில் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. இலையைக் கொதிக்கவைத்துக் குடிப்பவர் எந்த அளவைக் கண்டார்?

பாட்டி வைத்தியத்தை நாங்கள் இகழவில்லை. ஜமைக்கா மக்கள் இவ்விலையை நீரிழிவுக்குக் குடித்து வந்ததாலேயே கனடாவில் நோபிள், பீர் என்னும் அறிஞர்கள் அதை ஆராய்ந்தனர். சர்க்கரை குறையவில்லை, எலிகளின் வெள்ளணுக்கள் குறைந்தன. அதன் பயனாக 1958இல் வின்பிளாஸ்டின் வெளிப்பட்டது. 1963இல் வின்கிரிஸ்டினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

மஞ்சளின் குர்குமின் நரம்புக் கட்டிச் செல்களைக் கொல்வதாகவும் செய்திகள் வருகின்றன. ஆய்வுத் தட்டில் அது மெய்யே. அவ்வாய்வுகள் பலவற்றில் பயன்படும் செல்கள், 1970இல் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியின் எலும்பு மச்சையிலிருந்து எடுத்தவற்றின் வழிவந்தவை. தட்டுக்குக் குடலும் இல்லை, கல்லீரலும் இல்லை. உண்ட குர்குமினில் மிகச் சிறிதளவே இரத்தத்தை அடைகிறது.

பெற்றோர்க்கு எங்கள் வேண்டுகோள் ஒன்று: குழந்தையின் வயிற்றில் கட்டி தட்டுப்பட்டாலோ, காரணமின்றிக் கண்ணைச் சுற்றிக் கருமை படர்ந்தாலோ கஷாயத்தில் நாளைக் கழிக்க வேண்டாம். சிகிச்சை நடக்கும்போது கஷாயம் கொடுப்பதாயின் மருத்துவரிடம் மறைக்கவும் வேண்டாம். வின்கிரிஸ்டினை உடலிலிருந்து கழிப்பது கல்லீரல். அவ்வேலையைத் தடுக்கும் பொருள் உடன் சேர்ந்தால், மருந்து தங்கி நல்ல நரம்புகளையும் வாட்டும்.