மெயிலுக்குப் பணம் கட்டியாச்சு. டொமைன் யார் பேரில் இருக்கு?

2025 அக்டோபரில் மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் மெயிலுக்கு மாறிவிட்டதாக எக்ஸ் தளத்தில் அறிவித்தார். முகவரி மாறிவிட்டது, இனி இதற்கே எழுதுங்கள் என்பதுதான் பதிவின் சாரம். அமைச்சருக்கு ஒரு பதிவு போதும். பத்து வருஷமாக வெளிநாட்டு பையர்களுக்கு ஒரே முகவரியைக் கொடுத்துவரும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு?

சொந்த டொமைன் தேவைப்படுவது இதற்காகத்தான். கம்பெனி பெயரில் டொமைன் இருந்தால், மெயில் சேவையை கூகுள், ஜோஹோ, மைக்ரோசாஃப்ட் என எங்கே மாற்றினாலும் முகவரி மாறாது. டொமைனின் டிஎன்எஸ் அமைப்பில் எம்எக்ஸ் பதிவை மாற்றினால், புது மெயில்கள் புது இடத்துக்கு வரத் தொடங்கும். பழையவற்றை மட்டும் தனியாக நகலெடுக்க வேண்டும்.

சொந்த டொமைனுக்கு இலவச மெயில் கொடுத்துவந்த கூகுள், 2012 டிசம்பரில் புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்தியது. 2022 ஜனவரியில் பழையவர்களையும் கட்டணத் திட்டத்துக்கு மாறச் சொன்னது. எதிர்ப்பு கிளம்பியதும் தனிப்பட்ட உபயோகத்துக்கு மட்டும் விலக்கு அளித்தது, வியாபாரத்துக்கு இல்லை. அப்போதும் டொமைன் கையில் இருந்தவர்கள் வேறு சேவைக்குப் போக முடிந்தது.

மெயிலுக்குக் கட்டணம் பெரும்பாலும் ஆளுக்கு, மாதத்துக்கு இவ்வளவு என்று வரும். டொமைனுக்கு வருஷக் கட்டணம். முதல் வருஷம் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். நிஜ விலை புதுப்பிக்கும்போதுதான் தெரியும்.

ஆனால், விலையைவிடப் பெரிய சிக்கல் வேறு. வெப்சைட் செய்து கொடுப்பவரே டொமைனைத் தன் கணக்கில், தன் பேரில் பதிவு செய்துவிடுவது சிறு நிறுவனங்களில் சகஜம். பணம் கட்டியவர் முதலாளி. பதிவேட்டில் உரிமையாளர் அவர். புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டலும் அவருக்கே போகும். அவர் தொழிலையே விட்டுப் போயிருந்தால் அவ்வளவுதான். டாட் காம் டொமைன் காலாவதியாகி நீக்கப்பட்டால், கூடுதல் கட்டணத்தோடு மீட்க 30 நாள் உண்டு. அதன்பின் 5 நாள் கழித்து யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்குபவருக்கு அந்தப் பெயரும் போகும், இனி வரும் மெயிலும் போகும்: கொட்டேஷன், இன்வாய்ஸ், பாஸ்வேர்டு மாற்றும் லிங்க் எல்லாமே.

பெரிய கம்பெனிகளும் தப்பவில்லை. 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் 35 டாலர் கட்ட மறந்ததால் ஹாட்மெயிலில் பலரால் நுழைய முடியவில்லை. லினக்ஸ் நிரலாளர் ஒருவர் தன் கார்டிலிருந்து கட்டி உதவினார்!

2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் வேறொரு பிடியையும் இறுக்கியுள்ளன. அனுப்புநர் அசல்தானா என்று காட்டும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் பதிவு இல்லாத டொமைனின் மெயில்கள் ஸ்பேமுக்குப் போகலாம், திரும்பியும் வரலாம். தினமும் ஜிமெயிலுக்கு 5,000-க்கு மேல் அனுப்புவோருக்கு இரண்டும் கட்டாயம்; கூடவே டிமார்க்கும். பணம் கட்டியதும் இவை தானாக வந்துவிடாது. டிஎன்எஸ்-இல் சேர்க்க வேண்டும். அதற்கும் அந்தக் கணக்கின் சாவி வேண்டும்.

அதனால் எந்த மெயில் மலிவு என்று பார்க்கும் முன், டொமைன் கணக்கின் லாகின் தன்னிடம் இருக்கிறதா, உரிமையாளர் இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று முதலாளி பார்த்துவிடுவது நல்லது. அந்தக் கணக்குக்குக் கொடுக்கும் தொடர்பு மெயில், அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் முடங்கினால், எச்சரிக்கை மெயிலும் அதோடு முடங்கிவிடும்.