எந்தச் சுவரைப் புதுப்பிக்கிறீர்?

பழமை வாய்ந்த தேவாலயங்களைச் செப்பனிடச் சபையார் நிதி திரட்டுகின்றனர். திரட்டட்டும், தடுப்போமல்லோம். உழைப்பாளியின் கைவண்ணம் உதிர்ந்து போவதில் நமக்கென்ன மகிழ்ச்சி? ஆயினும், கூலியிற் கிள்ளிக் காணிக்கை தரும் ஏழைக்கு ஒரு கேள்வி கேட்கும் உரிமை உண்டன்றோ: எந்தச் சுவரைப் புதுப்பிக்கிறீர்?

நெல்லைச் சீமை வடக்கன்குளத்திலே, 19ஆம் நூற்றாண்டில் ஓர் ஆலயம் எழுந்தது. பீடம் ஒன்று, மக்கள் நிற்கும் கூடமோ இரண்டு! வெள்ளாளர் ஒருபுறம், நாடார் மறுபுறம். 'கால்சட்டைக் கோயில்' என்று ஊரே பெயரிட்டது. 1910இல் இடைச்சுவர் இடிந்தது. உயர்சாதியார் ஓய்ந்தனரோ? தமக்கெனத் தனியிடம் கேட்டு வழக்காடினர்; சென்னை உயர்நீதிமன்றம் மறுத்தது.

கற்சுவர் போயிற்று, மனச்சுவர்? சபைக்குள் சாதிக்கொடுமை நிலவுவதை 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே ஒப்புக்கொண்டது. பிரித்துப் புதைக்கும் கல்லறைகள் இன்றும் சாட்சி சொல்கின்றன.

சுண்ணாம்புச் சுவர்மீது சிமெண்டு பூசினால், ஈரம் உள்ளே தங்கிச் சுவரையே அரிக்கும் என்பர் கட்டடக்கலை அறிந்தோர். சாதியை உள்ளே வைத்து வெளியே வண்ணம் பூசுவதும் அத்தகையதே!

ஆகவே நிதி ஏட்டின் முதற்பக்கத்தில் எழுதுக: "காணிக்கை எல்லோரிடமும், பீடமும் பாதையும் கல்லறையும் எல்லோர்க்கும்." எழுதத் துணிவுண்டெனில் உண்டியல் ஏந்தி வருக, கடவுளை நம்பாத நாமும் காசு தருவோம். துணிவில்லையெனில், கோபுரம் உயரும். கொள்கை குப்புற வீழும்!