ஊதுகுழல் பரம்பரையும் மொன்றியல் விறகடுப்பும்

போன சனிக்கிழமை பியர்ஃபோனில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டம. கேக் வெட்டி, ரோல்ஸ் சாப்பிட்டு முடிய, ஆம்பிளையள் கூட்டம் வழமைபோல பேஸ்மென்றுக்கு இறங்கியது. அங்கே மூலையில் ஒரு பழைய இரும்பு விறகடுப்பு. வீடு வாங்கும்போதே கூட வந்ததாம். "இதை இப்ப எரிக்கக் கூடாதாமே" என்று ஒருவர் வாயைத் திறந்ததுதான் தாமதம், இன்னொருவர் பொங்கி எழுந்தார். "பிறந்த நாளிலயிருந்து புகை குடிச்சு வளந்த சனம் நாங்கள். விறகு எரிக்க எங்களுக்கு இவங்கள் படிப்பிக்கிறதோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து படுத்தால் நித்திரை வரவில்லை. அங்கேயே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். அவருக்குக் கோபம் வரும். வரட்டும்.

முதலில் அந்தச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மொன்றியல் மாநகரசபை 2015 இல் நிறைவேற்றியது. 2018 ஒக்ரோபர் 1 இலிருந்து, மணித்தியாலத்துக்கு 2.5 கிராமுக்கு மேல் நுண்துகள் விடாத அடுப்பு என்று சான்று பெற்றதைத்தான் எரிக்கலாம். புகைமூட்ட எச்சரிக்கை விட்ட நாளில் அதுவும் கூடாது. ஆனால் மின்சாரம் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் நின்றுபோனால் எந்த விறகடுப்பையும் மூட்டலாம். "தடை, தடை" என்று கத்துபவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கடைசி வசனம் தெரியும்? (இது மொன்றியல் மாநகருக்குள் மட்டும். லாவால், புறோசார் ஆட்கள் தங்கள் தங்கள் நகரசபையைக் கேளுங்கள்.)

"அப்ப விறகுச் சூளையில பேகல் சுடுறவனுக்கு என்ன சட்டம்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இந்தச் சட்டம் வணிகச் சமையலைத் தொடவில்லை. எனக்கும் அதில் உடன்பாடில்லை. ஆனால் பக்கத்துக் கடைக்காரன் புகை விடுகிறான் என்பதற்காக நான் பக்கத்து வீட்டுக் குழந்தையின் மூக்குக்குள் புகை விடலாமா? மொன்றியலில் குளிர்காலத்து நுண்துகளில் 39 வீதம் வீட்டு விறகிலிருந்து வருகிறது என்பது மாநகரசபையின் கணக்கு. காற்றடிக்காத தை மாத இரவில் அந்தப் புகை மேலே போகாது, தெருவிலேயே படுத்துக் கிடக்கும்.

இனி என் கதை. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை.

1998 தை மாதம். 5ஆம் திகதி தொடங்கிய பனிமழை ஐந்தாறு நாள் விடாமல் பெய்தது. பெரிய பெரிய மின்கோபுரங்களே மடங்கி விழுந்தன. கியூபெக்கில் 14 இலட்சம் மின் இணைப்புகள் இருண்டு போயின. கோட்-டே-நேஜில் எங்கள் அப்பாட்மென்றிலும் கரண்ட் போக, தென்கரையில் சென்-உய்பெரில் இருந்த நண்பரிடம் ஓடினோம். அவரிடமும் கரண்ட் இல்லை, ஆனால் விறகடுப்பு இருந்தது. பதினொரு பேர், அதில் நாலு பிள்ளைகள், ஒரே பேஸ்மென்றில்.

அடுப்புக்குப் பொறுப்பு நான். ஏனென்றால் நான்தான் ஊரில் நெல் அவித்த வீட்டுப் பிள்ளை! விறகு பச்சை. அவசரத்தில் எங்கேயோ வாங்கியது. கட்டையின் வெட்டுமுகத்தில் தண்ணீர் கசிந்து சீறியது. கண்ணாடிக் கதவு கறுத்துப் போயிற்று. இரவு படுக்கமுதல், விடியும்வரை தணல் நிற்கட்டும் என்று கட்டைகளை நிறைய அடுக்கி, காற்றுக்கதவை இறுக்கி, புகைக்கூட்டுத் தகட்டையும் முக்கால்வாசி மூடிவிட்டேன். ஊரில் உமி மூட்டம் போடுகிற அதே மூளை.

விடிய எல்லோருக்கும் தலையிடி. நண்பரின் மூன்று வயது மகள் சத்தி எடுத்தாள். முதல்நாள் இறைச்சிக் கறியில்தான் பிழை என்று பெண்கள் ஆளையாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு கியூபெக்குவா கிழவர் கோப்பி கொண்டுவந்தவர், வாசலில் நின்று மூக்கைச் சுருக்கினார். கோப்பியைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு சன்னலாகத் திறந்தார். பிள்ளைகளைப் பனிக்குள் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்துப் பிரெஞ்சில் பேசினார். எனக்கு அப்போது பிரெஞ்சு அரைகுறை. ஆனால் அந்த ஏச்சு முழுக்க விளங்கியது.

காபனோரொட்சைட்டு. பள்ளிக்கூடத்தில் பாடமாக்கிய சொல்தான். நிறமில்லை, மணமில்லை. கிழவருக்கு மணத்தது புகை. புகை இல்லாமல் தணல் மட்டும் கிடந்திருந்தால் அவருக்கும் தெரிந்திருக்காது. அந்தப் பனிப்புயலில் இறந்தவர்களில் இந்த வாயுவால் இறந்தவர்களும் உண்டு. நாங்கள் பதினொரு பேர் அந்தக் கணக்கில் சேராதது என் கெட்டித்தனத்தால் அல்ல.

ஆகவே "எங்களுக்குத் தெரியும்" என்று சொல்பவர்களிடம் கேட்கிறேன். எங்களுக்கு என்ன தெரியும்? கூரைக்கும் சுவருக்கும் இடையில் ஒரு முழம் இடைவெளி விட்ட குசினியில், கிடுகால் புகை கசியக் கசிய, பொச்சுமட்டையும் பாளையும் எரிக்கத் தெரியும். அந்தக் குசினி தானே மூச்சு விட்டது. இங்கத்தைய வீடு குளிருக்காகச் சந்து பொந்தெல்லாம் அடைத்த பெட்டி. அதற்குள் நாங்கள் மேலே குசினியில் மீன் பொரிக்கும்போது ஃபானை முழு வேகத்தில் போடுகிறோம். வெளியே தள்ளுகிற காற்றுக்கு ஈடாக வேறு காற்று எங்காலோ உள்ளே வரவேண்டும். கீழே அடுப்பு தணிந்து எரிந்தால் அது புகைக்கூட்டு வழியாக வரும், புகையையும் இழுத்துக்கொண்டு. இதை எந்த ஊதுகுழலும் எங்களுக்குப் படிப்பிக்கவில்லை.

அந்தக் கிழவரிடம் பிறகு படித்தேன். வெட்டிப் பிளந்த மேப்பிள், பேர்ச் விறகு குறைந்தது ஒரு கோடை வெயில் காணவேண்டும். பச்சைக் கட்டையின் நிறையில் பாதிக்குக் கிட்டத் தண்ணீர். அதை ஆவியாக்கவே சூடு போய்விடும். ஈரம் 20 வீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் அது விறகு. இரண்டு ஊசியுள்ள ஈரமானி ஒன்று வன்பொருள் கடையில் மலிவாக வாங்கலாம். கட்டையைப் புதிதாகப் பிளந்து உட்பக்கத்தில் குத்திப் பார்க்கவேண்டும். வெளிப்பக்கம் எப்போதும் பொய் சொல்லும். பெரிய கட்டை அடியில், சுள்ளி மேலே, நெருப்பை உச்சியில் வைத்தால் புகை குறைவு. சிறிய நெருப்பு, நல்ல காற்று, பிரகாசமான சுவாலை. அணைய விட்டுத் தூங்கவேண்டுமே தவிர, மூட்டம் போட்டுத் தூங்கக்கூடாது. மூட்டம் போட்டால் எரியாத புகை புகைக்கூட்டுக்குள் தாராகப் படியும். ஒருநாள் அது தானே பற்றினால் வீடே போகும். வருசம் ஒருமுறை ஆளைக் கூப்பிட்டுத் துடைப்பியுங்கள். சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, வீட்டுக்கு வெளியே, பல்கனிக்கும் தள்ளி வையுங்கள். உள்ளே தணல் நாட்கணக்கில் உயிரோடு கிடக்கும். பெயின்ற் அடித்த பலகை, பால் பெட்டி எரிக்கிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

விறகு வாங்கும்போது இன்னொன்று. இங்கே "கோர்ட்" என்று விற்பது பெரும்பாலும் 16 அங்குலக் கட்டைகளின் ஒற்றை அடுக்கு. அது முழுக் கோர்ட் ஆன 128 கன அடியில் மூன்றிலொன்றுதான். நானும் ஒருமுறை ஏமாந்தவன்.

இன்னொரு கூட்டத்தையும் விடமுடியாது. மலர் வெளியிட்டால் அம்மாவின் அடுப்படிப் புகை, ரிவியில் கவியரங்கம் வைத்தால் அம்மாவின் அடுப்படிப் புகை. எழுதுவது முக்கால்வாசி ஆம்பிளையள். ஊதுகுழலை ஒருநாள் வாயில் வைத்திருப்பார்களோ தெரியாது. என் அம்மா 2001 இல் இங்கே வந்தா. வந்த முதல் மாரியிலேயே இழுப்பு. டொக்ரர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார், எத்தனை வருசம் புகைத்தவ என்று. மொழிபெயர்த்தேன். "எவ்வளவு காலம் சிகரெட் பிடிச்சனீங்கள் எண்டு கேக்கிறார் அம்மா." அம்மா சிரித்தா. சிரிக்க இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டுச் சொன்னா, "சுருட்டுப் பிடிச்சது உங்கட அப்பு. நான் நாப்பது வருசம் அடுப்புத்தான் ஊதினனான் எண்டு சொல்லு."

உலக சுகாதார நிறுவனம் 2020 ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்டது, வீட்டு அடுப்புப் புகையால் ஒரு வருசத்தில் 32 இலட்சம் சாவு. அதில் எத்தனை அம்மாக்கள்? அதைப் பற்றி ஒரு கவிதை எழுதுங்கோவன்.

விறகடுப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2023 சித்திரையிலும் பனிமழை பெய்து 10 இலட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் இருண்டபோது, சான்று பெற்ற அடுப்பும் காய்ந்த விறகும் வைத்திருந்தவன் நிம்மதியாகக் கிடந்தான். அதே நாட்களில் பார்பெக்கியூ அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்து கரி மூட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர்களும் இருந்தார்கள்.

திங்கட்கிழமை அந்தப் பிறந்தநாள் வீட்டு நண்பருக்குத் தொலைபேசி எடுத்தேன். அடுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. காபனோரொட்சைட்டு அலாரம் இருக்கோ என்று மட்டும் கேட்டேன்.

"இருக்கு இருக்கு" என்றார். "போன மாரியில ஒருநாள் இரவிரவாக் கத்தினது. நித்திரை கொள்ள விடேல்ல. பற்றரியைக் கழட்டி வைச்சிருக்கிறன்."