சிமிலி என்றால் உவமைதானே?

பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் கவிதை வரியைக் கொடுத்து, இதில் என்ன 'ஃபிகர் ஆஃப் ஸ்பீச்' என்று கேட்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துத் தமிழ்வழிப் பிள்ளைகள் பலர் கைடைப் பார்த்து மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிடுகிறார்கள். புத்தகத்தில் இல்லாத கவிதையைக் கொடுத்தால்? முழி பிதுங்கிவிடும்!

இத்தனைக்கும் அடுத்த பீரியடிலேயே தமிழய்யா அணி இலக்கணம் நடத்துகிறார். தண்டியலங்காரம் பொருளணிகள் மட்டும் 35 சொல்கிறது. "வயல் தாய் மாதிரி சோறு போடுது" என்றால் சிமிலி. "வயல்தான் எங்க தாய்" என்றால் மெட்டஃபர். டெல்டாப் பிள்ளைக்கு இது புரிய எவ்வளவு நேரம் ஆகும்?

ஆனால் பெயரை மட்டும் மாற்றி ஒட்டினாலும் தப்புதான். ரைம் என்றால் எதுகை என்று பலரும் சொல்லிவிடுகிறார்கள். எதுகை அடியின் முதல் சீரில் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது. ஆங்கில ரைம் பெரும்பாலும் வரிக்கடைசியில் வரும் ஓசை. அது நம் இயைபுக்குத்தான் பக்கம். அலிட்டரேஷன் மோனை மாதிரிதான்; ஆனால் எழுத்தைப் பார்க்கக் கூடாது, காதால் கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் 'கேட்', 'சிட்டி' இரண்டுக்கும் முதல் எழுத்து ஒன்றே, ஓசை வேறு. 'கேட்', 'கிங்' எழுத்து வேறு, ஓசை ஒன்று.

ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் இங்கிலீஷ் வராது என்பார்கள். விடையை ஆங்கிலத்திலேயே எழுதட்டும், யார் வேண்டாம் என்றது? புரிவது தெரிந்த மொழியில் நடக்கட்டும். புரியாமல் எழுதிய விடை ரிசல்ட் வந்த மறுநாளே மறந்துபோகும்.