பட்டாசுக் கட்டுப்பாடு: நாம் எந்தப் பக்கம்?

பட்டாசுக்குக் கட்டுப்பாடு என்ற பேச்சு எழுந்தாலே வியாபாரிகள் எதிர்த்தாக வேண்டும் என்றொரு வழக்கம் நம்மிடையே ஏற்பட்டுவிட்டது. 'சீசன் வியாபாரத்தில் மண்ணைப் போடுகிறார்கள்' என்று கூட்டங்களில் குரல் கேட்கிறது. வருடம் முழுவதும் கால் காசு, அரைக் காசு லாபத்தில் பருப்பும் எண்ணெயும் விற்கிறவருக்கு ஐப்பசியில் நான்கு காசு சேர்த்துப் பார்க்கும் வாய்ப்பு போகிறதே என்ற ஆதங்கம் நமக்கும் உண்டு. ஆனால் எந்தக் கட்டுப்பாடு நம் பிழைப்பைக் கெடுக்கிறது, எது நம் கடையையும் அதில் வேலை பார்க்கும் பிள்ளைகளையும் காக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டி எதிர்ப்பது சரியல்ல.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் வரும் வெடியைச் செய்யவோ விற்கவோ கூடாது என்ற விதி 1999 முதல் இருக்கிறது. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை சத்தம் வரும் வெடி கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2005ல் சொன்னது. மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. இவையெல்லாம் ஏட்டில் இருந்தன. வீதியில் எவரும் கண்டுகொள்ளவில்லை. 2018 அக்டோபர் 23 அன்று வந்த தீர்ப்புதான் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. தீபாவளியன்று இரவு எட்டு முதல் பத்து வரை மட்டும் வெடிக்கலாம், சரவெடி கூடாது, பேரியம் உப்பு சேர்க்கக் கூடாது, உரிமம் பெற்றவர் மட்டுமே விற்கலாம், இணையதளம் மூலம் விற்கக் கூடாது என்று அதில் வரிசையாகச் சொல்லப்பட்டது.

இரவு எட்டு மணி என்பது வடநாட்டுத் தீபாவளிக்குப் பொருந்தும். நம் ஊரில் விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணிக்கு மஞ்சள் வைத்து உடுத்தியதும் முதல் வெடி போட்டாக வேண்டும். தமிழ்நாடு அரசு இதை எடுத்துச் சொன்ன பிறகு, இரண்டு மணி நேரத்துக்கு மிகாமல் வேறு நேரம் வைத்துக்கொள்ள நீதிமன்றம் இசைந்தது. காலை ஆறு முதல் ஏழு, மாலை ஏழு முதல் எட்டு என்று நேரம் வந்தது அப்படித்தான். அந்த ஆண்டு நேரம் தவறி வெடித்ததாக மாநிலம் முழுவதும் ஆயிரக்கணக்கான வழக்குகள் பதிவாயின. ஐந்து ரூபாய் ஊசி வெடிக்குக் காவல் நிலையமா என்று ஊரே சிரித்தது. சிரிப்பில் நியாயம் இருந்தாலும், நேரம் வைத்ததில் தவறில்லை என்பதே நம் எண்ணம். கைக்குழந்தை உள்ள வீடு, இழுப்பு நோயாளி உள்ள வீடு, இருதய ஆபரேஷன் முடித்துப் படுத்திருப்பவர் வீடு எல்லாம் ஒரே தெருவில்தான் இருக்கின்றன. அந்த வீட்டாரும் நம் கடைக்குத்தான் வருகிறார்கள். எந்த நேரம் சத்தம், எந்த நேரம் அமைதி என்று தெரிந்தால் அவர்கள் கதவை அடைத்துக்கொள்ளவாவது முடியும். வியாபாரக் கணக்கிலும் பெரிய நஷ்டமில்லை. காலை ஆறு மணிக்கு வெடிப்பவரும் காசு கொடுத்துப் பெட்டி வாங்கித்தான் வெடிக்கிறார்.

நேரம் வைத்தவர்கள் பார்க்கத் தவறியது வேறொன்று. தீபாவளி வருடத்துக்கு ஒரு நாள். தலைவர் வருகை, தேர்தல் வெற்றி, கல்யாண ஊர்வலம், காதுகுத்து, சாவு ஊர்வலம், கிரிக்கெட் ஜெயிப்பு, இவை வருடம் முழுவதும் நடக்கின்றன. இவற்றில் சரத்தை விரிப்பது யாருடைய சொந்த வாசலிலும் அல்ல, நம் கடைவீதியில்தான். துணிக்கடைப் பந்தலும் பூக்கடைக் கூரையும் வறட்டுச் சாக்கும் அட்டைப் பெட்டியும் இருக்கிற இடத்தில் பத்தாயிரம் வாலாவைக் கொளுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே நின்று சாமியைக் கும்பிடுகிறவர் கடைக்காரர். கேட்டால் பகை. கொளுத்தியவர் கட்சிக்காரராக இருந்தால் பெரும் பகை. கர்நாடக அரசு 2023 அக்டோபரில் அரசியல் நிகழ்ச்சி, திருமணம், பிள்ளையார் ஊர்வலம் ஆகியவற்றில் பட்டாசுக்குத் தடை அறிவித்தது. நம் மாநிலத்திலும் முதல் கட்டுப்பாடு இங்கேதான் வர வேண்டும். வீட்டு வாசலில் பிள்ளை கொளுத்தும் கம்பி மத்தாப்புக்கு நேரம் குறிக்கிற அரசு, கடைவீதியில் ஆளுயரத்துக்குப் புகை எழுப்பும் சரத்துக்கு இடம் குறிக்க வேண்டாமா?

கர்நாடகம் அப்படி அறிவிக்கக் காரணமாயிருந்தது 2023 அக்டோபர் 7ல் நடந்த விபத்து. ஓசூரை அடுத்து எல்லை தாண்டியதும் வருகிற அத்திப்பள்ளியில், ஒரு பட்டாசுக் கடையில் வண்டியிலிருந்து சரக்கு இறக்கும்போது தீப்பிடித்தது. அன்று மட்டும் 14 பேர் போனார்கள். பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து சீசன் வேலைக்குப் போன இளைஞர்கள். அதே ஆண்டு ஜூலை 29ல் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசு இருந்த கட்டிடம் இடிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். 2021 அக்டோபர் 26ல் கள்ளக்குறிச்சி மாவட்டம் சங்கராபுரத்தில் ஒரு பட்டாசுக் கடையில் பிடித்த தீ அக்கம்பக்கக் கடைகளுக்கும் பரவி உயிர்ப்பலி கொண்டது. 2016ல் சிவகாசியிலேயே பட்டாசுச் சரக்கில் பிடித்த தீயின் புகை, பக்கத்தில் இருந்த ஸ்கேன் மையத்துக்குள் புகுந்து அங்கே இருந்தவர்களை மூச்சடைக்க வைத்துக் கொன்றது. ஸ்கேன் எடுக்க வந்தவருக்கும் பட்டாசுக்கும் என்ன சம்பந்தம்?

இந்த விபத்துகளில் எதிலும் தீபாவளிப் பிள்ளைகள் யாரும் வெடித்துக்கொண்டிருக்கவில்லை. சரக்கு இருந்த இடமும், இறக்கிய விதமும், பக்கத்தில் இருந்த பொருளும்தான் ஆளைக் கொன்றன. ஆகவே வெடிப்பவருக்குக் கட்டுப்பாடு என்று பேசும்போது விற்பவருக்குக் கட்டுப்பாடு என்பதையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது. இதைச் சொன்னால் நம்மவர்களுக்கே கசக்கும். கசந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தற்காலிகப் பட்டாசுக் கடைக்கு 2008ம் ஆண்டு வெடிபொருள் விதிகள் சொல்வது தெளிவாக இருக்கிறது. கொட்டகை தீப்பற்றாத பொருளால் ஆனதாக இருக்க வேண்டும். ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் மூன்று மீட்டர் இடைவெளி வேண்டும். கடைகள் ஒன்றையொன்று பார்த்தாற்போல் இருக்கக் கூடாது. எண்ணெய் விளக்கு, கேஸ் விளக்கு கூடாது. ஒரே இடத்தில் ஐம்பது கடைகளுக்கு மேல் போகக் கூடாது. இப்போது நம் மளிகைக் கடை ஒன்றை மனத்தில் நினைத்துப் பாருங்கள். எண்ணெய் டின், கற்பூர டப்பா, தீப்பெட்டி பண்டல், ஊதுபத்தி, வெறும் சாக்கு, மேலே பழைய வயரில் தொங்கும் பல்பு, வாசலில் டீக்கடை அடுப்பு. இதற்கு நடுவே பலகைக்கு அடியில் நான்கு பெட்டி பிஜிலியும் லட்சுமி வெடியும். 'கொஞ்சம்தானே, சில்லறைக்குத்தானே' என்பார்கள். கற்பூரத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது கொஞ்சம் என்பதே கிடையாது. உரிமம் இல்லாமல் வெடிபொருள் வைத்திருந்த கடையில் தீப்பிடித்தால் காப்பீட்டுக் கம்பெனி கையை விரிப்பதற்கும் இடமுண்டு. பத்து நாள் லாபத்துக்காகப் பத்து வருட உழைப்பைப் பணயம் வைப்பது எந்த வியாபாரக் கணக்கில் சேரும்?

அதே சமயம், பலகைக்கு அடியில் பட்டாசு ஏன் வருகிறது என்று அதிகாரிகளும் யோசிக்க வேண்டும். மனு கொடுத்து, தீயணைப்பு, காவல், வருவாய் என்று ஒவ்வொரு துறையாக ஏறி இறங்கி உரிமம் கைக்கு வருவதற்குள் பண்டிகை வாசலில் வந்து நிற்கிறது. சரக்கு அதற்கு முன்பே லாரியில் வந்துவிடுகிறது. உரிமம் இல்லாத அந்த இடைக்காலத்தில் அதை எங்கே வைப்பது? கடையின் பின்னறையில், வீட்டு மாடியில், மச்சினன் குடோனில். தாமதமாகத் தரப்படும் உரிமம், திருட்டுத்தனமாகச் சேமிக்கக் கற்றுக்கொடுக்கிறது. புரட்டாசி பிறக்கும் முன்பே உரிமம் உண்டு அல்லது இல்லை என்று முடிவைச் சொல்லிவிட்டால் பாதி ஆபத்து தீர்ந்துவிடும்.

முழுத்தடை போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு டெல்லி ஒரு பாடம். அங்கே பல ஆண்டுகள் முழுத்தடை இருந்தது. தீபாவளி இரவில் வெடிச் சத்தம் மட்டும் நிற்கவில்லை. உரிமம் உள்ள கடைக்காரர் கடையைப் பூட்டினார். சந்தில் விற்றவருக்கு விலை ஏறியது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே பசுமைப் பட்டாசுக்குச் சில நாட்கள், சில மணி நேரம் என்று வழி விட்டது. சிங்கப்பூரில் தடை நின்றதே என்பார்கள். உண்மைதான். 1970 சீனப் புத்தாண்டில் ஆறு பேர் இறந்த பிறகு அரைத் தடையும், 1972ல் முழுத் தடையும் வந்தன. அங்குள்ள நம்மவர்கள் வெடி இல்லாமலே தீபாவளி கொண்டாடுகிறார்கள், கடைத்தெருவில் கூட்டமும் குறையவில்லை. ஆனால் அது ஒரு தீவு, ஒரு நகரம். அங்கே ஒரு சிவகாசி இல்லை. நாட்டின் பட்டாசில் பெரும்பகுதியைச் செய்து தரும் விருதுநகர் மாவட்டத்தில் மழை குறைந்த கரிசல் பூமியில் வேறு என்ன வேலை என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. அந்தத் தொழிலாளி வாங்கும் கூலி அவ்வூர் மளிகைக் கடைக்குத்தான் வருகிறது.

தனியார் வெடிக்காமல் ஓரிடத்தில் பொதுவாக வாணவேடிக்கை நடத்திவிடலாம் என்றும் ஒரு யோசனை இருக்கிறது. பெரிய ஊர்களில் அதற்கு இடமுண்டு. ஆனாலும் 2016 ஏப்ரல் 10 அன்று கேரளத்தில் கொல்லம் மாவட்டம் பரவூர் புற்றிங்கல் கோயில் வாணவேடிக்கையில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டதை மறந்துவிட முடியாது. பொது என்ற சொல் மட்டும் பாதுகாப்பைத் தந்துவிடாது.

கட்டுப்பாடு ஊரிலிருந்தே எழுந்தால் எப்படி இருக்கும் என்பதற்குச் சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி இருக்கின்றன. கண்மாய்க்கு வரும் பறவைகள் கலைந்துவிடக் கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கும் வெடிப்பதில்லை. போலீஸ் போகவில்லை, வழக்கு இல்லை. எல்லா ஊரும் அப்படியாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. சொல்லிப் புரிய வைத்தால் கேட்கிற ஜனம்தான் நம் ஜனம்.

சொல்லிப் புரிய வைக்கும் இடத்தில் நாம் இருக்கிறோம். 'குழந்தைக்குச் சத்தமில்லாததாகக் கொடுங்கள்' என்று கேட்டு வருகிறவருக்குப் பாம்பு மாத்திரையை எடுத்து நீட்டுகிறோம். 2016ல் புனேயில் ஆறு வகைப் பட்டாசுகளை எரித்து நுண்துகளை அளந்தபோது அதிகம் கக்கியது அந்தப் பாம்பு மாத்திரைதான். கம்பி மத்தாப்பும் அந்த ஆறில் ஒன்று. அதன் நுனி ஆயிரம் டிகிரி அளவுக்குக் கொதிக்கும், எரிந்து முடிந்த பிறகும் மிதித்தால் கால் போகும். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வையுங்கள் என்று பொட்டலம் கட்டும்போது சொல்ல நமக்கு என்ன செலவு?

இணையதளக் கடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2018 தீர்ப்பு தடை சொல்லியும், 'சிவகாசி நேரடி விலை' என்று செல்போனில் விளம்பரம் வருகிறது. பணம் வாங்கிக்கொண்டு சரக்கே அனுப்பாத போலித் தளங்கள் ஒரு பக்கம். மற்றப் பார்சல்களோடு பட்டாசையும் கலந்து லாரியில் ஏற்றுவது மறு பக்கம். முறையாக உரிமம் எடுத்து, மணல் வாளி வைத்து, மைதானத்தில் வாடகை கொடுத்து உட்கார்ந்திருப்பவரிடம் சோதனை மேல் சோதனை நடத்துகிற துறையினர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. கட்டுப்பாடு என்றால் எல்லோருக்கும் இருக்கட்டும்.

ஆடிப் பதினெட்டன்று சிவகாசியில் பூஜை போட்டு விற்பனையைத் தொடங்குவார்கள். அதற்கு முன்பே நம்மில் பலர் தீபாவளிச் சீட்டில் பட்டாசுப் பெட்டி தருவதாக வாடிக்கைக்காரரிடம் வாக்குக் கொடுத்துவிடுகிறோம். பலகைக்கு அடியில் பெட்டி வந்து சேர்வது பெரும்பாலும் அந்த வாக்கைக் காப்பாற்றத்தான். அடுத்த சீட்டுக்கு அட்டை அச்சடிக்கும்போது ஒரே ஒரு வரியை மாற்றலாம். இனிப்பு, எண்ணெய், மாவு கடையில் பெற்றுக்கொள்ளவும். பட்டாசுக்கு டோக்கன், உரிமம் பெற்ற மைதானக் கடையில் காட்டிப் பெற்றுக்கொள்ளவும். ஊருக்கு ஊர் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு மைதானக் கடையோடு பேசி முடித்தால் கமிஷனும் கிடைக்கும், ராத்திரி தூக்கமும் வரும். கிளைச் சங்கங்கள் ஆனி மாதக் கூட்டத்திலேயே இதை எடுத்துப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.