ஊர் அங்கேயேதான் இருக்கு. மாவட்டம் மாறினால் டேட்டாபேஸ் என்ன செய்யும்?

திருப்பத்தூரிலிருந்து ஜவ்வாது மலை ஏறினால் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று மூன்று மலை ஊராட்சிகள் இருக்கின்றன. நெல்லிவாசல்நாட்டில் 1985-ல் ஒருவர் பிறந்திருந்தால் அவர் வட ஆற்காடு மாவட்டத்துக்காரர். தம்பி 1990-ல் பிறந்திருந்தால் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். மகள் 2010-ல் பிறந்திருந்தால் வேலூர். மகன் 2020-ல் பிறந்திருந்தால் திருப்பத்தூர். நாலு பேரும் பிறந்தது ஒரே வீடாகக்கூட இருக்கலாம்.

கேட்க வேடிக்கையாக இருக்கும். சான்றிதழ் என்று வரும்போது வேடிக்கை இல்லை. ஜவ்வாது மலையில் பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளி பழங்குடி மக்கள். தமிழ்நாட்டுக்கான பட்டியல் பழங்குடிகள் அட்டவணையில் 'மலையாளி' என்ற பெயருக்குப் பக்கத்திலேயே சில மாவட்டங்களின் பெயர்களும் எழுதப்பட்டுள்ளன: தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னாற்காடு, திருச்சிராப்பள்ளி. இன்றைய வரைபடத்தில் 'வட ஆற்காடு மாவட்டம்' என்று ஒன்று கிடையாது. ஆனால், நெல்லிவாசல்நாட்டுப் பிள்ளைக்குக் கல்லூரி இட ஒதுக்கீடு கிடைக்க, அந்த இல்லாத மாவட்டத்தோடு இந்த ஊருக்கு உள்ள தொடர்புதான் ஆதாரம். அப்பாவின் சான்றிதழில் ஒரு மாவட்டம், பிள்ளையின் விண்ணப்பத்தில் வேறு மாவட்டம். 'ஏன் மாறியிருக்கு?' என்று யாராவது கேட்டால், பதில் சொல்ல வேண்டியது அந்தக் குடும்பம் இல்லை. பதிவேடுதான் சொல்ல வேண்டும்.

இன்றைக்குப் பதிவேடு என்றால் டேட்டாபேஸ்.

ஒரு வரி மாற்றினால் போதும்... ஆனால்

'ரிலேஷனல்' டேட்டாபேஸ் என்ற யோசனையை ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் 1970-ல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். தகவலை அட்டவணைகளாகப் பிரித்து வை. ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் எழுதாதே. அட்டவணைகளை எண்களால் கோத்துவிடு. ரொம்பச் சுருக்கமாகச் சொன்னால் அவ்வளவுதான்.

நம் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். (எந்த அரசு அலுவலகத்தின் மென்பொருளையும் பற்றியது அல்ல இது, புரிதலுக்காகத்தான்.) ஆட்களுக்கு ஒரு அட்டவணை, ஊர்களுக்கு ஒன்று, மாவட்டங்களுக்கு ஒன்று. ஆளின் வரியில் ஊர் எண் மட்டும் இருக்கும். ஊரின் வரியில் மாவட்ட எண் இருக்கும். 2019 நவம்பரில் வேலூரிலிருந்து திருப்பத்தூர் பிரிந்தபோது, ஊர் அட்டவணையில் நெல்லிவாசல்நாடு என்ற ஒரு வரியை மாற்றினால் போதும். அந்த ஊரின் அத்தனை பேருக்கும் மாவட்டம் தானாக மாறிவிடும். 2019-ல் ஐந்தும் 2020-ல் ஒன்றுமாகத் தமிழ்நாட்டு மாவட்டங்கள் 32-லிருந்து 38 ஆனபோது இந்த வசதியின் அருமை புரிந்திருக்கும்.

சிக்கலும் அங்கேதான். வரியை மாற்றியதும் பழையது அழிந்துபோகிறது. 'இந்த ஊர் 2010-ல் எந்த மாவட்டம்?' என்று கேட்டால் டேட்டாபேஸ் கூசாமல் 'திருப்பத்தூர்' என்று சொல்லும். 2010-ல் அப்படி ஒரு மாவட்டமே இல்லை.

தீர்வு புதிதல்ல. ஊருக்கும் மாவட்டத்துக்குமான உறவை 'இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை' என்று காலத்தோடு சேர்த்து எழுத வேண்டும். அப்புறம் ஒரே நாளில் ஒரு ஊர் இரண்டு மாவட்டத்தில் இருப்பதாகப் பதிவாகிவிடக் கூடாது. ஒரு மாவட்டம் பிறப்பதற்கு முன்பே அதன் பெயரில் பதிவு ஏறவும் கூடாது. இந்தக் காவல் வேலையைப் பெரும்பாலும் புரோகிராமர் எழுதும் கோட்தான் செய்துகொண்டிருந்தது. ஒருவர் மறந்தால் ஓட்டை. வேறொரு ஆப் அதே டேட்டாபேஸைத் தொட்டால் இன்னொரு ஓட்டை.

போஸ்ட்கிரஸ் 18 கொண்டுவந்தது

2025 செப்டம்பர் 25-ல் வெளியான போஸ்ட்கிரெஸ்கியூஎல் 18-ம் பதிப்பு இந்தக் காவலை டேட்டாபேஸுக்குள்ளேயே வைத்துவிட்டது. செய்திகளில் அதிகம் பேசப்பட்டது, டிஸ்க்கிலிருந்து தகவலை வேகமாக எடுக்கும் புதிய முறைதான். காலத்தை உள்ளடக்கிய சாவி விதிகள் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. நெல்லிவாசல்நாடு மாதிரி ஊர்களுக்குப் பெரிய விஷயம் இதுதான்.

காலங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் தடுக்கும் வசதி போஸ்ட்கிரஸில் 2010 முதலே வேறு வடிவில் உண்டு. மரியாடிபியில் 2020-லேயே வந்துவிட்டது. எஸ்க்யூஎல் தரநிலை இதைச் சொன்னதோ 2011-ல். 18-ல் புதிதாகச் சேர்ந்தது, ஒரு அட்டவணை இன்னொன்றைக் காலத்தோடு சேர்த்துச் சரிபார்ப்பது. 2010-க்கான பதிவில் திருப்பத்தூர் மாவட்டம் என்று எழுத முயன்றால், 'அந்தக் காலத்தில் அப்படி ஒரு மாவட்டம் இல்லை' என்று டேட்டாபேஸே திருப்பி அனுப்பிவிடும்.

இது வந்து சேர்ந்த கதை, அந்த வசதியைவிட சுவாரசியம். இதைப் பல வருடங்களாக எழுதித் திருத்திக்கொண்டிருந்தார் ஒரு டெவலப்பர். 2024 ஜனவரியில் 17-ம் பதிப்புக்காக ஏற்றுக்கொள்ளப்பட்டது. பிறகு ஒரு ஓட்டை கண்ணில் பட்டது: தொடக்கமும் முடிவும் ஒரே புள்ளியாக இருக்கும் 'வெற்றுக் காலம்'. அதற்கு நீளமே இல்லை, அதனால் அது எதன் மேலும் ஏறாது. ஆகவே, ஒரே மாதிரி இரண்டு வரிகள் காவலைத் தாண்டி உள்ளே வந்துவிடலாம். நடைமுறையில் எத்தனை பேர் அப்படி ஒரு காலத்தை எழுதப் போகிறார்கள்? 'அடுத்த அப்டேட்ல பாத்துக்கலாம்' என்று விட்டிருக்கலாம். அவர்கள் விடவில்லை. பீட்டா வெளியாகும் அதே 2024 மே மாதத்தில் முழு வசதியையும் பின்வாங்கினார்கள். வெற்றுக் காலத்தைத் தடைசெய்து திருத்தி, அந்த செப்டம்பரில் மறுபடி சேர்த்தார்கள். எல்லாமே பொதுவெளியில், யார் வேண்டுமானாலும் படிக்கும்படி நடந்தது.

இது யாருடைய சொத்து?

யாருடையதும் இல்லை. 1986-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் ஆய்வுத் திட்டமாகத் தொடங்கியது. 1996-ல் இப்போதைய பெயர் வந்தது. அன்று முதல் உலகம் முழுக்க உள்ள தன்னார்வலர்களும், பல நிறுவனங்கள் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் டெவலப்பர்களும் சேர்ந்து வளர்க்கிறார்கள். வாங்கிப் போட ஒரு கம்பெனி இல்லை.

மைஎஸ்க்யூஎல் பாதை வேறு. 1995-ல் ஸ்வீடனில் பிறந்தது. 2008-ல் சன் நிறுவனம் 100 கோடி டாலருக்கு வாங்கியது. 2010-ல் சன்னையே ஆரக்கிள் வாங்கியது. இதைப் பார்த்து, உருவாக்கியவர்களில் ஒருவரான மாண்டி விடெனியஸ் 2009-லேயே கோடைப் பிரித்தெடுத்து மரியாடிபி தொடங்கிவிட்டார். (மை, மரியா இரண்டும் அவருடைய மகள்களின் பெயர்கள்.) திறமூல உரிமம் இருந்ததால்தான் அப்படிப் பிரிய முடிந்தது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நடத்தும் டெவலப்பர் சர்வேயில் 2023-ல் போஸ்ட்கிரஸ் மைஎஸ்க்யூஎல்லை முந்தி முதலிடத்துக்கு வந்தது.

இந்தியாவில் ஆதார் அமைப்பே தன் தொழில்நுட்ப ஆவணத்தில் மைஎஸ்க்யூஎல் பயன்பாட்டைக் குறிப்பிட்டிருக்கிறது. பல மாநில நகராட்சிச் சேவைகளுக்கு அடித்தளமான 'டிஜிட்' தளம் போஸ்ட்கிரஸில் ஓடுகிறது. மென்பொருள் வாங்கும்போது திறமூலத்துக்கே முன்னுரிமை, வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும் என்று மத்திய அரசின் கொள்கை 2015-லேயே வந்துவிட்டது.

நல்ல கொள்கை. ஆனால், பாதிதான். எடுத்துப் பயன்படுத்துவது பற்றிப் பேசுகிற அளவுக்கு, பராமரிப்பதும் திருப்பிக் கொடுப்பதும் பேசப்படுவதில்லை. போஸ்ட்கிரஸின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து வருடம்தான் ஆதரவு. 13-ம் பதிப்புக்கு 2025 நவம்பரில் முடிந்தது, 14-க்கு 2026 நவம்பரில் முடிகிறது. மைஎஸ்க்யூஎல் 8.0-வுக்கு 2026 ஏப்ரல் வரைதான். அதற்குப் பிறகு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அந்தப் பதிப்புக்கு இலவசத் திருத்தம் வராது. 'ஃப்ரீதானே' என்று எடுத்தவர்கள், அப்கிரேடுக்கான ஆளையும் நேரத்தையும் டெண்டரிலேயே எழுத வேண்டும். மலையிலிருந்து பஸ் பிடித்து இ-சேவை மையத்துக்கு வந்தவரிடம் 'சர்வர் டவுன்ங்க, நாளைக்கு வாங்க' என்றால், அவருக்கு அது ஒரு நாள் கூலி.

எட்டெழுத்தா, பதினைந்தா?

திருப்பிக் கொடுப்பது ஏன் நம் சொந்த வேலை என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 'நெல்லிவாசல்நாடு' தமிழில் எட்டெழுத்து. போஸ்ட்கிரஸ் எண்ணினால் 15, ஏனென்றால் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியீடுகள். சேமிக்க ஆகும் இடம் 45 பைட். 'எட்டுதானே, 12 போதும்' என்று ஒருவர் கட்டம் போட்டால் ஊர் பெயர் உள்ளே போகாது.

வரிசையும் அப்படித்தான். அகராதிப்படி மயில்சாமி முதலில், மனோகரன் பிறகு. 'ன' கடைசி மெய். யூனிகோட் குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் மனோகரன் முன்னால் வந்துவிடுவார். தமிழ் வரிசையைச் சரியாகத் தரும் ஐசியு வசதி போஸ்ட்கிரஸில் 2017 முதல் இருக்கிறது. டேட்டாபேஸை அமைக்கும்போது அதைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்த ஆள்தான் வேண்டும்.

தமிழில் இதற்கு அடித்தளம் இல்லாமல் இல்லை. சென்னை லினக்ஸ் பயனர் குழு 1998-லிருந்து இயங்குகிறது. கணியம் இதழ் 2012-ல் தொடங்கியது, து.நித்யா எழுதிய 'எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்' அங்கே இலவச மின்னூலாகக் கிடைக்கிறது. டேட்டாபேஸைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் இங்கே நிறைய. அதை உருவாக்கும் இடத்தில் உட்காருபவர்கள்தான் குறைவு.

அந்த இடத்தில் உட்கார சி மொழியில் புலியாக இருக்க வேண்டும் என்றில்லை. போஸ்ட்கிரஸில் புதிய கோட் எழுதுபவர்களைவிட, எழுதியதைச் சோதித்துப் பார்ப்பவர்களுக்குத்தான் எப்போதும் பற்றாக்குறை. அதனால் கோட் அனுப்புகிறவர் இன்னொருவருடையதையும் பரிசோதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறார்கள். அடுத்த பெரிய பதிப்பின் முதல் பீட்டா வழக்கமாக மே மாதத்தில் வரும். வட ஆற்காடு, வேலூர், திருப்பத்தூர் மூன்றையும் தேதிகளோடு ஒரு அட்டவணையில் ஏற்றி, தப்பான தேதி ஒன்றைக் கொடுத்து, அது திருப்பி அனுப்புகிறதா என்று பார்க்க ஒரு லேப்டாப்பும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும்.